எந்த எஞ்சினுக்கு எந்த நூல்?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

முன்னுரை

வைத்தியத்துக்கு நூல் உண்டு. சிற்பத்துக்கு நூல் உண்டு. சமையலுக்கும் நூல் உண்டு. மோட்டார் எஞ்சினைப் பிரித்துக் கட்டுவதற்கும் நூல் உண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கார் நின்றுவிட்டால் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போகிறோம். அவர் தம் கையனுபவத்தால் சரிசெய்து தருகிறார். அன்றாடம் ஓடும் வண்டிக்கு இது போதும். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வார்க்கப்பட்டு, இன்று எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்படாத ஓர் எஞ்சினை முழுவதும் பிரித்து மறுபடி கட்டுவது என்றால் நூலின் துணை இன்றியமையாதது. அந்த நூலும் அதே எஞ்சினுக்கு உரியதாக இருக்க வேண்டும். லேத்தில் கடைந்து எடுத்த இரும்பை மீண்டும் ஒட்டவைக்க முடியாது. ஆகவே பொருந்தாத நூல், நூலே இல்லாததைக் காட்டிலும் அதிகக் கேடு செய்யும். பொருந்தும் நூலை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஸ்போர்ட்ஸ் கார் நமக்கு அந்நியமா?

ஸ்போர்ட்ஸ் கார் என்றவுடன் அது சீமையில் செல்வந்தர்கள் ஓட்டும் வண்டி, நமக்கென்ன என்று தோன்றலாம். ஆனால் அந்தக் கார்களின் எஞ்சின்கள் நம் ஊர்ச் சாலைகளில் வேறு பெயரில் ஓடியவையே.

1948-ஆம் ஆண்டு சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் தோன்றியது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியின் கூட்டுறவுடன், வண்டலூருக்கு அருகே அது கார்களைச் செய்தது. 1961-இல் அங்கிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வெளிவந்தது. இங்கிலாந்தில் 1959-இல் வெளியான டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. அதன் 948 சி.சி. எஞ்சின், 1970-களில் வந்த கெஸல் காரிலும் தொடர்ந்தது. 1980-களின் இறுதியில் நிறுவனம் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

இங்கிலாந்தில் இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, இருவர் மட்டும் அமரும் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரை 1962-இல் வெளியிட்டனர். 1980 வரை அது மூன்று லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. ஸ்பிட்ஃபயரின் எஞ்சினும் நம் ஹெரால்டின் எஞ்சினும் ஒரே குடும்பம்.

நாம் அனைவரும் அறிந்த அம்பாஸடர் காரும் இத்தகையதே. 2014 வரை செய்யப்பட்ட அந்தக் காரில் நெடுங்காலம் இருந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. 1955-இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் அதே குடும்பத்தின் அதே அளவுள்ள எஞ்சின்தான் இருந்தது.

இவ்வுறவால் நமக்கு ஒரு நன்மையும் ஓர் ஆபத்தும் உண்டு. ஹெரால்டைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் சில; ஸ்பிட்ஃபயரைப் பற்றி எழுதப்பட்டவை பல. ஸ்பிட்ஃபயர் நூல் ஹெரால்டுக்காரருக்கும் பயன்படும் என்பது நன்மை. எல்லாப் பக்கங்களும் பயன்படா என்பது ஆபத்து.

நூல்களின் வகை

எஞ்சின் நூல்களை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, காருடன் தரப்படும் சொந்தக்காரர் கையேடு. எண்ணெய் எவ்வளவு ஊற்றுவது, டயரில் காற்று எவ்வளவு என்பவற்றை அது கூறும். எஞ்சினைப் பிரிக்க அது உதவாது.

இரண்டாவது, தொழிற்சாலை வெளியிடும் பட்டறைக் கையேடு. அளவுகள் யாவற்றுக்கும் இதுவே மூலநூல். ஆயின் பயிற்சி பெற்ற மெக்கானிக்குக்காக எழுதப்பட்டமையால் “தனிக் கருவியால் கழற்றவும்” என்று ஒரே வரியில் முடித்துவிடும். அந்தக் கருவி நம்மிடம் இராது. இத்தகைய கையேடுகள் பலவற்றை இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் புக்ஸ் மறுபதிப்பாக வெளியிட்டுள்ளது.

மூன்றாவது, உதிரிப் பாகங்களின் பட்டியல். இதை நூல் என்றே பலர் கருதுவதில்லை. ஆனால் ஒவ்வொரு நட்டும் வாஷரும் எந்த வரிசையில் அமைகின்றன என்பதைப் படத்தால் காட்டுவது இதுவே. எந்த எஞ்சின் எண் முதல் எந்தப் பாகம் மாறியது என்பதையும் இதில்தான் காணலாம்.

நான்காவது, தனியார் வெளியிடும் கையேடு. இவற்றுள் புகழ்பெற்றவை ஜான் ஹேன்ஸ் என்பவர் தொடங்கிய வரிசை. இங்கிலாந்து விமானப் படையில் பணியாற்றிய அவர், நண்பர் ஒருவரின் ஸ்பிரைட் ஸ்போர்ட்ஸ் காரைப் பழுதுபார்க்க முயன்றபோது, தொழிற்சாலைக் கையேடு சாதாரண மனிதனுக்கு விளங்காது என்று கண்டார். எஞ்சினைப் பிரித்துக் கட்டும் ஒவ்வொரு படியையும் புகைப்படம் எடுத்து நூலாக்கினார். அவ்வரிசையின் முதல் நூல் 1966-இல் வெளிவந்தது. ஒரு காரை உண்மையாகவே பிரித்து மறுபடி கட்டிப் பார்த்து எழுதுவதே இவ்வரிசையின் சிறப்பு.

ஐந்தாவது, எஞ்சினின் திறனைக் கூட்டும் டியூனிங் நூல். இதில் குறிப்பிட்ட ஓர் எஞ்சினுக்கு எழுதப்பட்டவையும் உண்டு. எல்லா எஞ்சின்களுக்கும் பொதுவான கோட்பாட்டைக் கூறுபவையும் உண்டு. முன்னதற்கு டேவிட் விஸார்டு என்பவர் ஏ-சீரிஸ் எஞ்சினைப் பற்றி எழுதிய பெருநூல் எடுத்துக்காட்டு. பின்னதற்கு ஃபிலிப் ஸ்மித், கிரஹாம் பெல் ஆகியோரின் நூல்கள் எடுத்துக்காட்டு.

பணம் குறைவாக உள்ளவர் முதலில் வாங்க வேண்டியவை இரண்டாவதும் மூன்றாவதும். அடுத்தது நான்காவது. டியூனிங் நூல் கடைசியில்தான் வர வேண்டும். பலர் செய்வது இதற்கு நேர் மாறானது.

முதற் சோதனை: எஞ்சின் அதுதானா?

நூலின் அட்டையில் காரின் பெயர் இருந்தால் போதாது. உள்ளே இருக்கும் எஞ்சினின் அளவைப் பார்க்க வேண்டும். நாம் பள்ளியில் கற்ற கணக்கே இதற்குப் போதும். சிலிண்டரின் விட்டத்தை இருமடி செய்து, 0.7854-ஆல் பெருக்கி, பிஸ்டன் ஓடும் தூரத்தாலும் சிலிண்டர்களின் எண்ணிக்கையாலும் பெருக்கினால் எஞ்சினின் கொள்ளளவு கிடைக்கும்.

ஹெரால்டில் விட்டம் 63 மி.மீ.; பிஸ்டன் ஓட்டம் 76 மி.மீ. நான்கு சிலிண்டர்களுக்குக் கணக்கிட்டால் 948 சி.சி. வருகிறது. ஸ்பிட்ஃபயரில் பிஸ்டன் ஓட்டம் அதே 76 மி.மீ.; விட்டம் முதலில் 69.3 மி.மீ. ஆக இருந்து 1147 சி.சி. தந்தது, பிறகு 73.7 மி.மீ. ஆகி 1296 சி.சி. தந்தது. கடைசியாக வந்த 1493 சி.சி. எஞ்சினில் பிஸ்டன் ஓட்டமே 87.5 மி.மீ. ஆயிற்று. 1970-இல் வந்த நான்காம் மாதிரி ஸ்பிட்ஃபயரில் கனெக்டிங் ராடின் பேரிங்குகளும் பெரிதாக்கப்பட்டன. ஆகவே ஸ்பிட்ஃபயர் நூல் ஒன்றை ஹெரால்டுக்காக வாங்குபவர், 1962 முதல் 1970 வரையிலான தொடக்க மாதிரிகளைப் பற்றியதையே நாட வேண்டும். பிரிக்கும் முறையையும் பூட்டும் வரிசையையும் அதிலிருந்து கற்கலாம். கிராங்க் ஷாஃப்ட், பிஸ்டன் ஆகியவற்றின் அளவுகளை மட்டும் ஹெரால்டுக்கே உரிய கையேட்டிலிருந்து எடுக்க வேண்டும்.

கொள்ளளவு ஒன்றாக இருந்தால் எஞ்சினும் ஒன்று என்று நினைப்பதும் தவறு. மோரிஸ் மைனரிலும் ஸ்பிரைட்டிலும் இருந்த ஏ-சீரிஸ் எஞ்சினும் 948 சி.சி.தான். அதன் விட்டம் 62.9 மி.மீ.; ஓட்டம் 76.2 மி.மீ. ஆனால் அது வேறொரு நிறுவனம் வடிவமைத்த வேறு எஞ்சின். அதன் வால்வு இடைவெளி 0.012 அங்குலம், ஹெரால்டுக்கு 0.010 அங்குலம். விஸார்டின் நூலில் 948 என்ற எண்ணைக் கண்டு ஹெரால்டுக்கு வாங்கினால், பொதுக் கருத்துகள் கிடைக்குமே தவிர ஓர் அளவுகூடப் பொருந்தாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய எஞ்சின் ஏற்கெனவே ரீபோர் செய்யப்பட்டிருக்கலாம். 40 சைஸ் என்று பட்டறையில் சொல்வது 0.040 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1 மி.மீ. கூட்டியதைக் குறிக்கும். அப்போது ஹெரால்டின் விட்டம் 64 மி.மீ. ஆகவும் கொள்ளளவு 978 சி.சி. ஆகவும் இருக்கும். இது நூலின் பிழையன்று, எஞ்சினின் வயது.

இரண்டாம் சோதனை: தேய்மான எல்லை

புதிய எஞ்சினின் அளவை மட்டும் கூறும் நூல், பழைய எஞ்சினைக் கட்டுபவருக்குப் பாதி நூலே ஆகும். எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும், எத்தனை சைஸ் வரை கிராங்க் ஷாஃப்டைக் கடையலாம் என்னும் எல்லைகளையும் கூறுவதே முழு நூல்.

அந்த எஞ்சினுக்கே உரிய நோயை நூல் அறிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் குடும்பத்தில் கிராங்க் ஷாஃப்ட் முன்பின்னாக நகராதபடி தடுப்பவை பின்புறப் பேரிங்கின் அருகே உள்ள அரைவட்டத் தட்டுகள். கிளட்சை மிதிக்கும்தோறும் அழுத்தம் அவற்றின்மீது விழுகிறது. அவை தேய்ந்து கீழே எண்ணெய்த் தொட்டியில் விழுந்துவிட்டால் கிராங்க் ஷாஃப்ட் எஞ்சின் உடலையே அரைக்கத் தொடங்கும். ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றொருவர் முன்புறப் புல்லி முன்னோக்கி நகர்கிறதா என்று பார்த்தால் இதைக் கண்டுவிடலாம். இவ்வெஞ்சினைப் பற்றிய நூலை வாங்கும் முன் இந்தப் பகுதியைத் திருப்பிப் பாருங்கள். இதைப் பற்றி ஒன்றுமே இல்லையென்றால், எழுதியவர் இவ்வெஞ்சினோடு நெருங்கிப் பழகியவர் அல்லர் என்று அறியலாம்.

மூன்றாம் சோதனை: அலகுகள்

பழைய ஆங்கில நூல்கள் அங்குலம், பவுண்டு, காலன் என்று பேசும். நம் கருவிகள் மில்லிமீட்டர், நியூட்டன்-மீட்டர் என்று பேசும். போல்ட்டை 45 பவுண்டு-அடி முறுக்க வேண்டும் என்று நூல் கூறினால், அது 61 நியூட்டன்-மீட்டர், கிலோகிராம்-மீட்டரில் 6.2. பெயர்க்காமல் 45 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, நியூட்டன்-மீட்டர் குறித்த டார்க் ரென்ச்சில் வைத்தால் போல்ட் வேண்டிய இறுக்கத்தில் நான்கில் மூன்று பங்கே பெறும். ஹெட் கேஸ்கட் ஊதிவிடும். அமெரிக்கப் பதிப்பாயின் காலனும் வேறு. இங்கிலாந்துக் காலன் 4.55 லிட்டர், அமெரிக்கக் காலன் 3.79 லிட்டர். இரு அலகுகளையும் அருகருகே தரும் நூலே சிறந்தது. இல்லையேல் வாங்கியவர் முதல் வேலையாக அட்டவணை ஒன்றைத் தயாரித்து நூலின் உள்ளட்டையில் ஒட்டிவிட வேண்டும்.

நான்காம் சோதனை: ஆண்டும் எரிபொருளும்

இரும்பு மாறவில்லை, பெட்ரோல் மாறிவிட்டது. 1960-களின் நூல்கள் ஈயம் கலந்த பெட்ரோலை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அந்த ஈயம் எரிந்து, எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இடத்தில் ஒரு மெல்லிய காப்பாகப் படிந்தது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோலே விற்கப்படுகிறது. காப்பு இல்லாத மென்மையான வார்ப்பிரும்பு இருக்கை வேகமாகத் தேயும். ஆகவே ஹெட்டைப் பிரிக்கும்போதே கடினமான இருக்கை வளையங்களைப் பொருத்துவது நல்லது. பழைய நூலில் இது இராது.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கப்படுகிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். எனவே பழைய நூலின்படி கார்புரேட்டரின் ஜெட்டை அமைத்தால் கலவையில் எரிபொருள் குறைந்து எஞ்சின் சூடேறும். பழைய ரப்பர்க் குழாய்களும் எத்தனாலில் ஊறிக் கெடும். ஆதலால் அளவுக்குப் பழைய நூலும், எரிபொருளுக்கு அண்மையில் திருத்தப்பட்ட நூலும் என இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

ஐந்தாம் சோதனை: வேகம் தரும் நூல் விலையையும் சொல்கிறதா?

டியூனிங் நூல்கள் ஆசை காட்டும் நூல்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் நம் ஹெரால்டு கார்களும் திறன் கூட்டப்பட்டு ஓடியவை. ஆகவே ஆசைப்படுவதில் குற்றமில்லை. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எஞ்சின் தரும் விலையை நூல் கூற வேண்டும்.

இயற்பியல் இங்கே நமக்குத் துணை. ஓர் எஞ்சினை நிமிடத்துக்கு 4500 சுற்றிலிருந்து 6000 சுற்றுக்கு உயர்த்தினால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் பிஸ்டன் மேலும் கீழும் திரும்பும்போது கனெக்டிங் ராடை இழுக்கும் விசை, சுழற்சி வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. அது 78 சதவீதம் கூடுகிறது. ஹெரால்டு எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டைத் தாங்குவன மூன்றே மெயின் பேரிங்குகள். கார்புரேட்டரை இரட்டிப்பாக்கச் சொல்லிவிட்டு, இதைப் பற்றி வாய் திறவாத நூலை நம்பக்கூடாது.

ஹெட்டைச் சீவி அழுத்த விகிதத்தை உயர்த்துவது இன்னொரு வழி. ஹெரால்டின் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 236.9 சி.சி. அழுத்த விகிதம் 7 ஆக இருக்க, பிஸ்டனுக்கு மேல் எஞ்சும் இடம் 39.5 சி.சி. இருக்க வேண்டும். அதை 8.5 ஆக்க, 31.6 சி.சி. ஆகக் குறைக்க வேண்டும். குறைக்க வேண்டியது 7.9 சி.சி. இதற்கு எத்தனை மில்லிமீட்டர் சீவுவது என்பது அந்த ஹெட்டின் குழியின் பரப்பைப் பொறுத்தது; முன்பே யாரேனும் சீவியிருந்தால் கணக்கு மாறும். “இத்தனை மில்லிமீட்டர் சீவுக” என்று மட்டும் கூறும் நூலைவிட, “முதலில் குழியைத் திரவம் ஊற்றி அளந்து பார்க்க” என்று கூறும் நூல் நூறு மடங்கு மேல். அளப்பதற்கு நம் வேதியியல் கூடத்தில் உள்ள பியூரெட்டும் ஒரு துண்டுக் கண்ணாடியும் போதும்.

இரண்டு நூல்கள் முரண்பட்டால்

ஒரே அளவுக்கு இரு நூல்கள் இரு எண்களைத் தருவது உண்டு. அப்போது எதை நம்புவது? முதலில் இரண்டும் ஒரே ஆண்டின் எஞ்சினைப் பற்றியவையா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் முரண்பாடு இதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் தொழிற்சாலைக் கையேட்டையே தலைமையாகக் கொள்ள வேண்டும். அதுவும் கிட்டாவிட்டால் மைக்ரோமீட்டரை எடுத்து நம் கையில் உள்ள பாகத்தை அளந்து, அது எந்த எண்ணோடு ஒத்துப்போகிறது என்று காண வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வதும் இதுவே.

பட்டறையும் நூலும்

நம் மாவட்டத்தில் திறமையான மெக்கானிக்குகளுக்கும் லேத் பட்டறைகளுக்கும் குறைவில்லை. அம்பாஸடர் எஞ்சினின் ஓசையைக் கேட்டே எந்த டேப்பெட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களது அறிவு எந்த நூலிலும் இல்லை. ஆனால் அரிதாக வரும் ஓர் எஞ்சினின் பேரிங் இடைவெளியைக் காதால் கேட்டு அறிய முடியாது. அதற்கு நூல் வேண்டும். நூலோ ஆங்கிலத்தில் இருக்கிறது. ஞானாலயா போன்ற அரிய நூலகம் அமைந்த ஊர் நம் புதுக்கோட்டை. தமிழில் எத்தனையோ துறைகளுக்கு நூல் கண்ட நமக்கு, ஒரு பழைய எஞ்சினைக் கட்டும் அளவுகளைத் தமிழில் எழுதி வைப்பது இயலாத செயலா?

இங்கேதான் மாணவர்களாகிய நமக்கு ஒரு கடமை இருக்கிறது. நம்மில் பலர் தம் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறையினர். அப்பாவும் மாமாவும் பட்டறையிலோ வயலிலோ கைத்திறனால் வாழ்ந்தவர்கள். அவர்களிடம் இல்லாதது அறிவன்று. ஆங்கிலப் பக்கத்தைப் படிக்கும் வாய்ப்பு. ஓர் எஞ்சினுக்கு வேண்டிய அளவுகள் இரண்டு பக்கங்களில் அடங்கும். சரியான நூலைத் தேர்ந்து, அலகுகளை மாற்றி, பட்டறையில் வழங்கும் சொற்களிலேயே தமிழில் எழுதி ஒரு தாளாகச் சுவரில் ஒட்டலாம். மெக்கானிக் அண்ணன் தம் அனுபவத்தில் கண்டதை அதன் ஓரத்தில் குறித்து வைப்பார். சில ஆண்டுகளில் அந்தத் தாளே ஒரு நூலாகும்.

முடிவுரை

நூல் வாங்கும் முன் ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று கண்டோம். என் எஞ்சினுக்கு உரியதா? தேய்மான எல்லையைக் கூறுகிறதா? அலகுகள் எவை? எந்த ஆண்டின் எரிபொருளுக்கு எழுதப்பட்டது? வேகத்தின் விலையைச் சொல்கிறதா? இந்த ஐந்துக்கும் விடை தரும் மெல்லிய நூல், விடை தராத தடித்த நூலைவிட உயர்ந்தது. சென்னையில் வார்க்கப்பட்ட ஹெரால்டு எஞ்சின்கள் இனிப் புதிதாக வரப்போவதில்லை. இருப்பவற்றைக் காப்பது நம் கையில் உள்ள மைக்ரோமீட்டரையும், அதனருகே விரித்து வைத்திருக்கும் பக்கத்தையும் பொறுத்தது.